செயின்ட் எத்தியென்: பச்சை அணியின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

புல்தரை எழுதியது:

பிரெஞ்சுக் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் பாரிசையும் மார்சேயையும் தாண்டிச் செல்வதில்லை. யாராவது செயின்ட் எத்தியென் அணியைப் பற்றி எழுதினாலும், 1976 மே 12 அன்று கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் நடந்த ஐரோப்பிய சாம்பியன் கோப்பை இறுதியாட்டத்தில் பாயர்ன் மியூனிக்கிடம் அது 1-0 என்று தோற்ற கதையில் தொடங்கி, பந்து பட்டுத் திரும்பிய சதுரக் கோல் கம்பத்தோடு முடித்துவிடுகிறார்கள். பிரெஞ்சு லீக்கை 10 முறையும் பிரெஞ்சுக் கோப்பையை 6 முறையும் வென்ற ஓர் அணி, தான் தோற்ற ஒரே ஓர் ஆட்டத்தால் நினைவுகூரப்படுவது எனக்கு நெடுநாளாகவே வருத்தம் தருகிறது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் பின்புலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கசினோ என்ற மளிகைக் கடை நிறுவனத்தின் ஊழியர்கள் 1919இல் தொடங்கிய விளையாட்டுச் சங்கமே பின்னாளில் இந்த அணியாக வளர்ந்தது. சட்டையின் பச்சை நிறம் அந்தக் கடைகளின் நிறம். நிறுவனத்தைத் தோற்றுவித்த ழொஃப்ருவா கிஷாரின் பெயரையே 1931இல் திறக்கப்பட்ட மைதானத்துக்கும் வைத்தார்கள். 1933இல் அணி தொழில்முறை ஆட்டத்துக்கு மாறியது. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பட்டமும் கிடைக்கவில்லை.

நிலைமை மாறியது ழான் ஸ்னெல்லாவின் கையில். போலந்துக் குடும்பத்தில் பிறந்து, முன்பு இதே அணிக்காக ஆடிய அவர் 1950இல் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். உடல் வலிமையை நம்பி நெடும்பந்து அடிப்பதைவிட, பந்தைத் தரையில் வைத்து, விரைவாகக் கைமாற்றி முன்னேறுவதையே அவர் தம் ஆட்டக்காரர்களிடம் எதிர்பார்த்தார். அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரிலிருந்து 18 வயதில் ரஷீத் மெக்லூஃபி 1954இல் வந்து சேர்ந்தபோது, அந்த ஆட்டமுறைக்கு ஏற்ற ஒருவர் ஸ்னெல்லாவுக்குக் கிடைத்துவிட்டார். கமரூனைச் சேர்ந்த எழேன் ஞோ லெயா முன்களத்திலும், நெதர்லாந்தின் கேஸ் ரைவர்ஸ் அவருக்குப் பின்னாலும், குளோத் அப்பெஸ் கோல்கீப்பராகவும் நின்ற அந்த அணி 1957இல் முதன்முறையாக பிரான்சின் சாம்பியன் ஆனது. இந்த ஞோ லெயாதான் 1961இல் ழுஸ்த் ஃபொந்தேனுடன் சேர்ந்து பிரெஞ்சுத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கத்தை நிறுவியவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆட்டக்காரர்களின் உரிமை வரலாற்றில் அவருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன்.

செயின்ட் எத்தியென் வரலாற்றை 1976இலிருந்து பின்னோக்கிப் படிப்பதைவிட, ஸ்னெல்லாவிடமிருந்தும் மெக்லூஃபியிடமிருந்தும் முன்னோக்கிப் படித்தால்தான் அந்த அணி எப்படி உருவானது என்பது விளங்கும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.

எட்டாம் எண் எழுதியது:

புல்தரை ஐயா, தொடக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1976ஐ ஒரு தோல்வி என்று மட்டும் சுருக்குவதை ஏற்க முடியவில்லை. அந்த இறுதியாட்டத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால்தான், பிரான்சு முழுவதும் ஏன் ஒரு சுரங்க நகரத்தின் அணியைத் தன் சொந்த அணியாக ஏற்றுக்கொண்டது என்பது புரியும்.

கதை 1974 நவம்பரில் தொடங்குகிறது. ஐரோப்பிய சாம்பியன் கோப்பையின் இரண்டாம் சுற்றில் யூகோஸ்லாவியாவின் ஹைடுக் ஸ்பிளிட் அணியிடம் வெளியூரில் 4-1 என்று தோற்றுத் திரும்பினார்கள். மூன்று கோல் பின்தங்கிய நிலையில் சொந்த மைதானத்தில் இறங்கிய அவர்கள், கூடுதல் நேரத்துக்குச் சென்ற ஆட்டத்தை 5-1 என்று வென்றார்கள். ஐரோப்பிய ஆட்டங்களில் நல்ல தோல்விகளோடு திரும்பி வருவதற்குப் பழகிப்போயிருந்த பிரெஞ்சு ரசிகர்கள், இழந்த ஆட்டத்தையும் மீட்க முடியும் என்று அன்றைக்குத்தான் நம்பத் தொடங்கினார்கள். அந்தப் பருவத்தில் அரையிறுதியில் பாயர்ன் அவர்களை நிறுத்தியது.

அடுத்த பருவத்தில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்சை இரண்டு ஆட்டங்களிலும் வென்றுவிட்டுக் கால் இறுதியில் டைனமோ கீவ் அணியைச் சந்தித்தார்கள். 1975ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சிறந்த ஆட்டக்காரர் ஒலெக் பிலோகின் அந்த அணியில் இருந்தார். முதல் ஆட்டம் 2-0 என்று கையைவிட்டுப் போனது. 1976 மார்ச் 17 அன்று நடந்த இரண்டாம் ஆட்டத்தில், இடைவேளைக்குப் பிறகும் கோல் இல்லாத நிலையில், பிலோகின் தனியாகப் பந்தைக் கொண்டு சென்றார். பக்கத்தில் ஓடிவந்த தோழருக்குக் கொடுத்திருந்தால் கோல் விழுந்திருக்கும். அவர் தானே முடிக்க நினைத்தார். கிறிஸ்தியான் லோபெஸ் பந்தைப் பறித்துவிட்டார். அந்தப் பந்து ஒஸ்வால்தோ பியாசாவிடம் சென்றது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த அந்த நடுத்தற்காப்பாளர், நீண்ட முடி பறக்க மைதானத்தை நெடுக்காகக் கடப்பதற்குப் பெயர் பெற்றவர். அவரிடமிருந்து பத்ரிக் ரெவெல்லிக்கும், பத்ரிக்கிடமிருந்து அண்ணன் எர்வே ரெவெல்லிக்கும் பந்து போய் வலைக்குள் விழுந்தது. எதிரணியின் கோலாகியிருக்க வேண்டிய ஒரு நகர்வு சில நொடிகளில் தங்கள் கோலாக மாறியதைக் கண்ட மைதானத்தின் ஆரவாரத்தை ஒளிப்பதிவில் கேட்டாலே மெய் சிலிர்க்கும். பிறகு ழான்-மிஷேல் லார்க்கே பிரீ கிக்கில் இரண்டாவது கோலை அடித்தார். கூடுதல் நேரத்தின் இரண்டாம் பாதியில், தசைப்பிடிப்பால் நடக்கவே சிரமப்பட்டுக்கொண்டிருந்த தொமினிக் ரோஷ்தோ மூன்றாவதை அடித்தார்.

அரையிறுதியில் பி.எஸ்.வி. ஐந்தோவனைச் சொந்த மண்ணில் லார்க்கேயின் ஒரே கோலால் வென்று, நெதர்லாந்தில் கோல்கீப்பர் இவான் சுர்கோவிச்சின் கைகளால் 0-0 என்று தாக்குப்பிடித்தார்கள். இறுதியாட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு லீக் ஆட்டம் ஒன்றில் ஃபாரிசோனும் சினேகெலும் காயமடைந்தார்கள். ரோஷ்தோவும் முழு உடல்தகுதியில் இல்லாததால் கடைசிச் சில நிமிடங்களுக்கே களமிறங்கினார். முதல் பாதியில் பத்தனே அடித்த பந்தும் சந்தினி தலையால் முட்டிய பந்தும் குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பின. 57ஆவது நிமிடத்தில் ஃபிரான்ஸ் ரோத் பிரீ கிக்கிலிருந்து பாயர்னின் கோலை அடித்தார். மறுநாள் ஷான்ஸ் எலிசே சாலையில் திரண்ட கூட்டம் தோற்றுத் திரும்பியவர்களை வென்றவர்களைப் போல வரவேற்றது. ஒரு நாட்டின் கால்பந்து ஆர்வத்தையே மாற்றிய பயணத்தை நாம் சிறிதாக்கக் கூடாது, ஐயா.

தாழம்பூ எழுதியது:

நான் லியோனில் வசிக்கிறேன். இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையிலான பகைமை எனக்குத் தெரியும் என்பதால், பச்சை அணியைப் பாராட்டி எழுதுவதை என் அலுவலக நண்பர்கள் படிக்க முடியாத மொழியில் செய்வது நல்லதுதான்.

எட்டாம் எண் குறிப்பிட்ட கம்பங்களைப் பற்றி ஒரு செய்தி. 2013இல் ஸ்காட்லாந்திலிருந்து அந்தக் கோல் கம்பங்களை அணி நிர்வாகமே விலைக்கு வாங்கிவிட்டது. அதே ஆண்டு மைதானத்திலேயே திறக்கப்பட்ட அணியின் அருங்காட்சியகத்தில் அவை வைக்கப்பட்டுள்ளன. நேரில் பார்த்திருக்கிறேன். விளிம்பு கூர்மையாக இருப்பதால், உருண்டைக் கம்பமாக இருந்தால் பந்து உள்ளே திரும்பியிருக்கும் என்று வாதிடுவோரின் மனநிலை புரிகிறது. ஆனால் இரண்டு அணிகளும் அதே கம்பங்களுக்கு இடையில்தான் ஆடின என்பதையும், எதிரில் மாயர், பெக்கன்பாவர், முல்லர், ருமெனிகே ஆகியோர் நின்ற அணி தொடர்ந்து மூன்றாவது முறையாக அந்தக் கோப்பையை வென்றது என்பதையும் மறக்கக் கூடாது. தோற்றதற்குக் கம்பத்தைக் காரணம் சொல்வது அந்த பாயர்னுக்கும் நியாயமில்லை, கடைசிவரை போராடிய செயின்ட் எத்தியெனுக்கும் பெருமையில்லை.

புல்தரை ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. மெக்லூஃபி 1958இல் அணியை விட்டுச் சென்றவர் அல்லவா? அவரை அடித்தளம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

புல்தரை எழுதியது:

தாழம்பூ அவர்களே, நீங்கள் கேட்டதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

மெக்லூஃபி பிறந்த செத்தீஃப், 1945 மே மாதத்தில் பிரெஞ்சுப் படைகளின் அடக்குமுறையில் ஏராளமான அல்ஜீரியர்கள் கொல்லப்பட்ட ஊர். அப்போது அவர் எட்டு வயதுச் சிறுவர். 1958இல் அவருக்கு 21 வயது. பிரெஞ்சுத் தேசிய அணிக்காக ஆடத் தொடங்கியிருந்தார். அந்த ஆண்டு சுவீடனில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்கு அவர் தேர்வாகும் வாய்ப்பும் பிரகாசமாக இருந்தது. கட்டாய இராணுவச் சேவையிலும் இருந்ததால், நாட்டைவிட்டுச் செல்வது அவருக்குப் படையிலிருந்து தப்பியோடிய குற்றமாகவும் ஆகும். இவ்வளவும் தெரிந்தே, ஏப்ரல் மாதத்தில், மொனாக்கோ அணியின் முஸ்தஃபா சித்தூனி உள்ளிட்ட மற்ற அல்ஜீரிய ஆட்டக்காரர்களைப் போலவே அவரும் இரகசியமாகப் பிரான்சைவிட்டு வெளியேறி, சுவிட்சர்லாந்து வழியாகத் துனிசியாவுக்குச் சென்றார். அங்கே, அல்ஜீரிய விடுதலைக்காகப் போராடிய தேசிய விடுதலை முன்னணியின் கால்பந்து அணி உருவானது. ஃபிஃபா அதை ஏற்க மறுத்தது. ஆனாலும் வட ஆப்பிரிக்கா, கிழக்கு ஐரோப்பா, சீனா, வியட்நாம் என்று பல நாடுகளில் அந்த அணி ஆடி, இன்னும் பிறக்காத ஒரு நாட்டின் கொடியை மைதானங்களில் ஏற்றியது. பணம், புகழ், உலகக் கோப்பை ஆகிய மூன்றையும் ஒரே இரவில் துறந்த ஆட்டக்காரர்கள் உலகக் கால்பந்து வரலாற்றில் மிகச் சிலரே.

அவர் இல்லாத காலத்தில் செயின்ட் எத்தியெனுக்கு என்ன நேர்ந்தது என்பதே என் வாதத்துக்கு வலுவான சான்று. 1959இல் ஸ்னெல்லாவும் சுவிட்சர்லாந்தின் செர்வெத் அணிக்குப் போய்விட்டார். 1962இல் பிரெஞ்சுக் கோப்பையை வென்ற அதே பருவத்தில், லீக்கில் பின்தங்கி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய வினோதமும் நடந்தது. அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகு மெக்லூஃபி முதலில் ஜெனீவாவில் ஸ்னெல்லாவிடம் சென்று ஆடினார். அந்த ஆண்டு டிசம்பரில் செயின்ட் எத்தியெனுக்குத் திரும்பினார்.

போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அல்ஜீரியாவில் தம் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் அந்த நகரத்திலும் இருந்தன. திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் மைதானம் அமைதியாக இருந்ததையும், அவர் பந்தைத் தொட்டு எதிராளிகளைக் கடந்ததும் கைதட்டல் எழுந்ததையும் பிற்காலப் பேட்டிகளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். 1963இல் இரண்டாம் டிவிஷன் பட்டம். அந்தக் கோடையில் ஸ்னெல்லாவும் திரும்பினார். மேலேறிய முதல் ஆண்டிலேயே, அதாவது 1964இல், முதல் டிவிஷன் பட்டம். பிறகு 1967, 1968. அவருடைய கடைசிப் பெரிய ஆட்டம் 1968ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் கோப்பை இறுதி. போர்தோவை 2-1 என்று வென்றார்கள். இரண்டு கோல்களையும் மெக்லூஃபியே அடித்தார். கோப்பையை வழங்கியவர் அதிபர் தெகோல். பத்தாண்டுகளுக்கு முன்பு அந்த நாட்டின் படையிலிருந்து வெளியேறிய மனிதர், அந்த நாட்டின் அதிபர் கையிலிருந்து கோப்பையைப் பெற்றார்.

1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்திய அல்ஜீரிய அணியின் பயிற்சிக் குழுவிலும் அவர் இருந்தார். 2024 நவம்பரில் அவர் காலமானபோது இரண்டு நாடுகளிலும் துயரம் தெரிவித்தார்கள். அவரை அடித்தளம் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வேன்?

தென்முனை எழுதியது:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆப்பிரிக்காவுடனான இந்த அணியின் தொடர்பைப் பேசும்போது சலிஃப் கெய்ட்டாவை விட்டுவிட முடியாது. மாலி நாட்டின் பமாக்கோவிலிருந்து 1967இல் பாரிசு விமான நிலையத்தில் வந்திறங்கியவரை அழைத்துச் செல்ல யாரும் வரவில்லை. அவர் ஒரு டாக்சியில் ஏறி, ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செயின்ட் எத்தியெனுக்குப் போகச் சொன்னார். வாடகையை அணி நிர்வாகம் கொடுத்தது. அந்த வாடகையைப் போல நற்பலன் தந்த செலவை எந்தக் கால்பந்து நிர்வாகமும் செய்திருக்காது என்று நம்புகிறேன்.

ஸ்னெல்லாவுக்குப் பிறகு 1967இல் பொறுப்பேற்ற அல்பேர் பத்தோ, முன்பு ரேன்ஸ் அணியை ஐரோப்பிய இறுதியாட்டங்கள் வரை கொண்டுசென்றவர். அவர் கையில் கெய்ட்டாவும் எர்வே ரெவெல்லியும் இணைந்த முன்களம் 1970 வரை ஒவ்வோர் ஆண்டும் பட்டத்தைப் பெற்றுத் தந்தது; 1967ஐயும் சேர்த்தால் தொடர்ந்து நான்கு. 1969இல் ஐரோப்பியக் கோப்பையின் முதல் சுற்றில், வெளியூரில் 2-0 என்று தோற்றுவந்து, சொந்த மைதானத்தில் பாயர்னை 3-0 என்று வென்றதும் இந்த அணிதான். எட்டாம் எண் சொன்ன மீட்புகளின் மரபு ஸ்பிளிட் ஆட்டத்தில் தொடங்கவில்லை; அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே தொடங்கியது.

ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரருக்கான விருது 1970இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் கெய்ட்டா. 1970-71 பருவத்தில் 42 லீக் கோல்களை அடித்தும் கோல் பட்டியலில் அவர் இரண்டாம் இடமே பெற்றார். மார்சேயின் யோசிப் ஸ்கோப்ளர் 44 அடித்திருந்தார். அந்தப் பருவத்தின் முடிவுப் பகுதியில்தான், மார்சேய்க்குச் செல்ல முடிவெடுத்த கோல்கீப்பர் கார்னுசையும் தற்காப்பாளர் பொஸ்கியேவையும் அணி நிர்வாகத் தலைவர் ரொஜே ரோஷே ஆட்டங்களிலிருந்து விலக்கிவைத்தார். பட்டம் மார்சேய்க்குப் போனது. அந்த முடிவு கொள்கையளவில் சரியா என்று இன்றும் வாதிடலாம்; ஒரு பட்டத்தை அது பறித்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அடுத்த ஆண்டு கெய்ட்டாவும் மார்சேய்க்கே சென்றார். அங்கே அயல்நாட்டு ஆட்டக்காரர் எண்ணிக்கை வரம்புக்காகப் பிரெஞ்சுக் குடியுரிமை பெறும்படி வற்புறுத்தப்பட்டபோது மறுத்து, 1973இல் ஸ்பெயினின் வலென்சியாவுக்குப் போய்விட்டார். மெக்லூஃபியிடம் கண்ட அதே தன்மானத்தை இங்கேயும் காண்கிறேன்.

அரைக்கோடு எழுதியது:

ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதிவிட்டீர்கள். ஊரைப் பற்றி யாரும் எழுதவில்லை. செயின்ட் எத்தியென் நிலக்கரிச் சுரங்கம், ஆயுதத் தொழிற்சாலை, சைக்கிள் உற்பத்தி ஆகியவற்றால் வாழ்ந்த நகரம். அணி நிர்வாகத் தலைவர் ரோஷே, இளமையில் சுரங்கத்தில் வேலை பார்த்துப் பிறகு கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்தவர். வாயில் புகைக்குழாயோடு அவர் உட்கார்ந்திருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நகரத்தின் கூரியோ சுரங்கம் 1973இல் மூடப்பட்டது. துப்பாக்கியும் சைக்கிளும் செய்து அஞ்சலில் விற்ற மனுஃபிரான்ஸ் நிறுவனத்தின் பெயரைத்தான் எழுபதுகளின் அந்தப் பச்சைச் சட்டையில் காண்கிறோம். அந்த நிறுவனமும் எண்பதுகளின் நடுவில் அழிந்தது. அதாவது, நகரத்தின் தொழில்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அதன் கால்பந்து அணி உச்சியில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வேலையற்றிருந்த மனிதருக்கு வாரத்தின் மீதி ஆறு நாட்களிலும் பேச ஒரு பெருமை இருந்தது என்றால், அது இந்த அணியால்தான்.

இன்னொரு முக்கியமான செய்தி இளைஞர் பயிற்சியைப் பற்றியது. பியேர் கரோனேர் என்பவர் நாடெங்கும் சுற்றி இளம் ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்து அழைத்துவந்தார். 1970இல் இளைஞர் அணி கம்பார்தெலா கோப்பையை வென்றது. 1972இல் ரொபேர் எர்பன் தம் 33ஆவது வயதில் பயிற்சியாளரானபோது, விலை கொடுத்து நட்சத்திரங்களை வாங்காமல் அந்த இளைஞர்களையே முதல் அணிக்கு உயர்த்தினார். லோபெஸ், ரெப்பெல்லினி, சினேகெல், சரமாஞ்ஞா, பத்ரிக் ரெவெல்லி எல்லாரும் அந்த வழியில் வந்தவர்கள். வெளியிலிருந்து வந்த சுர்கோவிச்சும் பியாசாவும் அந்த இளமைக்கு முதுகெலும்பாக நின்றார்கள். எர்பன் அவர்களை அக்காலப் பிரெஞ்சு அணிகள் கண்டிராத கடுமையான உடற்பயிற்சிக்கு உட்படுத்தினார். கூடுதல் நேரத்தில் ஸ்பிளிட்டும் கீவும் தளர்ந்தபோது இவர்கள் ஓடிக்கொண்டிருந்ததற்கு அதுவே காரணம். 1974, 1975, 1976 என்று மூன்று பட்டங்கள் தொடர்ந்து வந்தன. 1974இலும் 1975இலும் பிரெஞ்சுக் கோப்பையும் சேர்ந்து வந்தது.

எட்டாம் எண் எழுதியது:

அரைக்கோடு சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த வழியை விட்டு விலகியபோதுதான் வீழ்ச்சி தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1977 மார்ச்சில் லிவர்பூலிடம் கால் இறுதியில் தோற்றார்கள். சொந்த மண்ணில் 1-0 என்று வென்று, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் பத்தனே நெடுந்தொலைவிலிருந்து அடித்த கோலால் நம்பிக்கை பெற்றும், மாற்று ஆட்டக்காரராக வந்த டேவிட் ஃபேர்கிளஃப் கடைசி நிமிடங்களில் அடித்த கோலால் 3-1 என்று வெளியேறினார்கள். ஐரோப்பியக் கோப்பைக்கு அவ்வளவு அருகில் அவர்கள் மறுபடி போகவே இல்லை. அதன் பிறகு ரோஷே பெரும்பணம் செலவிட்டுப் பெயர்பெற்றவர்களை வரவழைத்தார். 1979இல் நான்சியிலிருந்து மிஷேல் பிளாட்டினியும் பஸ்தியாவிலிருந்து நெதர்லாந்தின் ஜானி ரெப்பும் வந்தார்கள். பி.எஸ்.வி.யை 6-0 என்றும், ஹம்பர்க்கை அதன் சொந்த மைதானத்தில் 5-0 என்றும் வீழ்த்திய இரவுகள் உண்டு. 1981இல் பத்தாவது லீக் பட்டமும் வந்தது. ஆனால் அதே பருவத்தில் இப்ஸ்விச் அணி சொந்த மைதானத்திலேயே அவர்களை 4-1 என்று வென்றது. பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் பஸ்தியா 2-1 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் பஸ்தியாவுக்காகக் கோல் அடித்த ரொஜே மில்லா பின்னாளில் செயின்ட் எத்தியெனுக்கே ஆடினார்.

1982இல் நிர்வாகம் கணக்கில் காட்டாத பணத்தைத் தனியாக வைத்து, ஆட்டக்காரர்களுக்கு அதிலிருந்து கொடுத்துவந்தது வெளியானது. ரோஷே பதவி விலகினார். பின்னர் நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றார். அந்த மே மாதத்தில் பாரிசு அணிக்கு எதிரான கோப்பை இறுதியில் பிளாட்டினி இரண்டு கோல்களை அடித்தார். கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் ஆட்டத்தை 2-2 என்று சமன்செய்தவர், அப்போது பாரிசுக்கு ஆடிக்கொண்டிருந்த அதே ரோஷ்தோ. பெனால்டியில் பாரிசு வென்றது. பிளாட்டினி யுவென்டசுக்குப் போனார். 1984இல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

தாழம்பூ எழுதியது:

பிந்திய காலத்தையும் இரண்டு வரியில் சேர்த்துவிடுகிறேன். 2000-01இல் போலிக் கடவுச்சீட்டு விவகாரத்தில் புள்ளிகள் பறிக்கப்பட்டு மீண்டும் இறங்கினார்கள், 2004இல் மேலேறினார்கள். கிறிஸ்தோஃப் கால்தியே 2009 முதல் 2017 வரை பொறுமையாக அணியைக் கட்டியெழுப்பி, 2013இல் ரென் அணியை 1-0 என்று வென்று லீக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். 1981க்குப் பிறகு வந்த முதல் பெரிய கோப்பை அது. ஔபமெயாங் அப்போது அந்த அணியில்தான் இருந்தார். 2022இல் ஓசேர் அணியிடம் பெனால்டியில் தோற்று இறங்கிய நாளில் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து வன்முறையில் ஈடுபட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, எதிரூரில் வசிக்கும் எனக்கே வேதனையாக இருந்தது. 2024இல் மேலேறி, கனடா நாட்டு உரிமையாளர்களின் கைக்கு மாறி, 2025இல் மறுபடியும் இறங்கினார்கள். ஆனாலும் இரண்டாம் டிவிஷன் ஆட்டங்களுக்கும் வடக்கு, தெற்கு மேடைகள் நிரம்புகின்றன. லியோனில் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

வில்லியம் சலிபா, வெஸ்லி ஃபொஃபனா, கர்ட் சூமா எல்லாரும் இந்த அணியின் இளைஞர் பயிற்சியில் வளர்ந்தவர்கள். இன்று அவர்கள் வளர்ந்ததும் இங்கிலாந்து வாங்கிவிடுகிறது. எர்பனுக்குக் கிடைத்த ஐந்து, ஆறு ஆண்டுகள் இன்றைய பயிற்சியாளர் எவருக்கும் கிடைப்பதில்லை.

புல்தரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தென்முனை, அரைக்கோடு இருவரும் எழுதியதை ஒன்றாக வைத்துப் பார்த்தால் நான் சொல்ல நினைத்த கருத்து இன்னும் தெளிவாகிறது. எர்பன் 1957இல் ஆட்டக்காரராக வந்தார். ஸ்னெல்லாவின் கீழ் ஆடினார். 1964, 1967, 1968 பட்டங்களை மெக்லூஃபியோடு சேர்ந்து வென்றார். பத்தோவின் கீழ் கெய்ட்டாவோடு ஆடினார். பிறகு அவரே பயிற்சியாளரானார். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாதவர் என்பதால் அவருக்கு ஸ்பிங்க்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2020 ஏப்ரலில் மறைந்தார். ஸ்னெல்லா கற்றுத்தந்த தரைப்பந்து ஆட்டத்தை எழுபதுகளின் வேகத்துக்கு உயர்த்தியவர் அவர். ஆகவே எட்டாம் எண்ணுக்கும் எனக்கும் உண்மையில் வேறுபாடில்லை. அவர் ஆற்றின் அகலமான பகுதியைக் காட்டினார், நான் ஊற்றைக் காட்டினேன்.

எல்லாக் காலத்துக்குமான என் பதினொருவரைத் தந்துவிடுகிறேன். கோல்கீப்பர் சுர்கோவிச். தற்காப்பில் ழான்வியோன், பியாசா, லோபெஸ், ஃபாரிசோன். நடுக்களத்தில் எர்பன், லார்க்கே, பிளாட்டினி. முன்களத்தில் மெக்லூஃபி, கெய்ட்டா, எர்வே ரெவெல்லி. பயிற்சியாளர் ஸ்னெல்லா.

எட்டாம் எண் எழுதியது:

ஐயா, ரோஷ்தோ இல்லாத பதினொருவரை நான் ஏற்க மாட்டேன். பிளாட்டினி மூன்று ஆண்டுகளே இருந்தார். அவருடைய உச்சம் டூரினில், யுவென்டஸ் அணியில்தான் வந்தது. அவரை விலக்கி, மெக்லூஃபியை ஒரு வரிசை பின்னால் இறக்கினால், வலது ஓரத்தில் ரோஷ்தோவுக்கு இடம் கிடைக்கும். மெக்லூஃபி ஆடியதும் பெரும்பாலும் அந்தப் பின்நிலையில்தான்.

அரைக்கோடு எழுதியது:

எட்டாம் எண்ணோடு உடன்படுகிறேன். பத்தனேயையும் மறக்காதீர்கள். கீவுக்கு எதிராகவும் ஆன்ஃபீல்டிலும் நடுக்களத்தைத் தாங்கியவர் அவர். எர்பனைத் தற்காப்பின் நடுவுக்கு நகர்த்தி, லோபெசை உட்கார வைக்க உங்களுக்கு மனம் வருமா?

புல்தரை எழுதியது:

பிளாட்டினியை எடுத்துவிட்டு ரோஷ்தோவைச் சேர்க்கிறேன். பிலோகினிடமிருந்து அந்தப் பந்தைப் பறித்த லோபெசை மட்டும் நகர்த்த மாட்டேன்.